ஜக்கு முழுங்கிய வளையம்

தாலியில் ஊக்கு கோத்துப் போட்டிருக்கீங்களே அக்கா, அதை முதலில் கழற்றிப் பைக்குள் வையுங்க. பிள்ளை அதையேதான் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறது. அதிகப்பிரசங்கி என்று நினைக்காதீங்க. நினைத்தாலும் பரவாயில்லை, எங்கள் வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது இந்த பஸ்ஸில் வேறு யாருக்கும் தெரியாது. குழந்தைப் பாதுகாப்புக் கேள்வி பதில் அத்தனையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பத்தாவதில் கணக்கில் போய்விட்டேன், அது வேறு விஷயம். அதற்காக நான் அழவும் இல்லை.

இருங்க, போன் அடித்ததா? இல்லையா? எனக்கு அடித்த மாதிரி இருந்தது.

எங்கள் அக்கா போன் பண்ணுகிறேன் என்றிருக்கிறாள். பண்ணினால் பண்ணட்டும், இல்லாவிட்டால் போகட்டும், எனக்கென்ன. அவள் மகன் வயிற்றுக்குள் ஒரு வளையம் இருக்கிறது. இன்று காலை நான் கிளம்புகிற வரைக்கும் வெளியே வரவில்லை. வந்தால் சொல்கிறேன் என்றாள். அவ்வளவுதான்.

பதறாதீங்க. கையில் போடுகிற வளையல் இல்லை. ஃப்ளெக்ஸ் பேனர் பார்த்திருப்பீங்க, மூலைக்கு மூலை கயிறு கட்ட ஓட்டை போட்டு, ஓட்டை கிழியாமல் இருக்கப் பித்தளையில் சின்னதாய் ஒரு வளையம் அடித்திருப்பார்கள். அதுதான். எங்கள் அத்தானுக்குக் கோவில்பட்டியில் ஃப்ளெக்ஸ் கடை. கருத்தப்பாண்டி என்று பெயர். ஊரில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவர் கையால்தான் அடித்தாக வேண்டும். பிள்ளை பிறந்ததும் கடைக்கு 'ஜஷ்விக் டிஜிட்டல்ஸ்' என்று பெயர் மாற்றினார். ஜஷ்விக் என்பது பிள்ளை பெயர். எண்கணிதம் பார்த்து வைத்தது. வீட்டில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை, அதனால் ஜக்கு.

நான் பத்தாவதோடு நின்றதும், "சும்மாதான கெடக்கா, அங்க போயி பிள்ளையப் பாத்துக்கிடட்டும்" என்று எங்கள் அம்மா என்னை விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்கு அனுப்பிவிட்டாள். சும்மா கிடப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்று கேளுங்க. அத்தானுக்கு ராஜாமணி என்று ஒரு பங்காளி, பெரியப்பா மகன். எதிர்த்த வீடு. அந்தத் தெரு நலச் சங்கத்தில் வருஷாவருஷம் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி நடத்துவார்கள். ஜெயித்த பிள்ளைக்கு ஒரு வெள்ளி டம்ளர். டம்ளர் யாருக்கு வேண்டும்? பஸ் ஸ்டாண்டு வாசலில் பிள்ளை படத்தைப் பெரிய பேனராக ஒரு மாதம் தொங்கவிடுவார்கள், அதுதான் விஷயம். போன வருஷம் ராஜாமணி அண்ணனின் மூத்த பிள்ளை ஜெயித்தது. அந்தப் பேனரை யார் அடித்தது? எங்கள் அத்தான். பங்காளி பிள்ளையின் கன்னத்தைக் கம்ப்யூட்டரில் இன்னும் சிவப்பாக்கிக் கொடுத்தது யார்? எங்கள் அத்தான்.

"ஊர்ல இருக்கிற அம்புட்டு மூஞ்சியையும் அடிச்சிட்டேன். எம் பிள்ள மூஞ்சி மட்டும் பஸ் ஸ்டாண்டுல ஏறல" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவார். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட அதில்தான் வந்து முடிப்பார்.

இந்த வருஷம் போட்டியில் புதுசாய் ஒன்று சேர்த்தார்கள். பிள்ளையின் எடை, உயரம், தடுப்பூசி அட்டை எல்லாம் பார்த்துவிட்டு, குழந்தையை எப்படிப் பத்திரமாய் வளர்ப்பது என்று தாயிடம் மேடையில் கேள்வி கேட்பார்களாம். அதற்கு முன்கூட்டியே ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். எங்கள் அக்கா பூங்கனி நல்லவள்தான், ஆனால் மேடை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அவளுக்குப் பாடம் எடுக்கிற வேலை எனக்கு வந்தது. யோசித்துப் பாருங்க, பரீட்சையே வேண்டாம் என்று ஓடிவந்தவளிடம் போய்ப் பிரம்பைக் கொடுத்தால்?

நான் நன்றாகத்தான் எடுத்தேன். எங்கள் கணக்கு டீச்சர் மாதிரி இல்லை. அந்த அம்மா ஒரு வரி விட்டால் மறுபடி முதலிலிருந்து எழுதச் சொல்லும், மனசாட்சி இல்லாத பொம்பளை. நான் அப்படியெல்லாம் இல்லை. ஒரு வார்த்தை விட்டால்தான் முதலிலிருந்து சொல்லச் சொல்லுவேன்.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? அக்காவுக்கு மனப்பாடம் ஆகட்டும் என்று புத்தகத்தில் இருந்ததையெல்லாம் பேனராக அடித்து வீடு முழுக்கத் தொங்கவிட்டார். குளியலறை வாசலில் 'வாளித் தண்ணீர் அருகே குழந்தையைத் தனியே விடாதீர்!' அடுக்களையில் 'அடுப்படியில் குழந்தை, ஆபத்து!' மாடிப்படிக்கு ஒன்று, மருந்து அலமாரிக்கு ஒன்று. எல்லாவற்றிலும் ஜக்கு கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிறான். சரி, அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் அத்தான் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். 'இவண், குழந்தைகள் நலனில் என்றும் அக்கறையுள்ள கருத்தப்பாண்டி.' நம் வீட்டுக் குளியலறையில் நமக்கு எதற்கு 'இவண்'? கேட்டேன். "பேனர்னா அடியில ஆள் இருக்கணும், இல்லாட்டி மொட்டையா இருக்கும்" என்றார்.

அடுக்களைப் பேனரை அடுப்புக்கு நேர் மேலேயே கட்டிவிட்டார். தோசை ஊற்றும்போது பேனர் ஓரம் கருகி, படத்து அத்தானின் கூப்பிய கையில் ஒன்று போய்விட்டது. மாடிப்படிப் பேனர் முதல் இரண்டு படியை மறைத்துக்கொண்டு தொங்கியது. அதில் தடுக்கி அத்தானே விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே, "பாத்தியா, படி எம்புட்டு ஆபத்துன்னு" என்றார்.

அக்கா ஒரு பக்கம். போட்டிக்கு எடை ஏற வேண்டும் என்று ஜக்குவுக்கு நேந்திரங்காய்க் கஞ்சி, நெய்ச் சோறு, முட்டை மஞ்சள்கரு என்று திணித்துக்கொண்டே இருப்பாள். அவன் வாயை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்புவான். கன்னத்தை அமுக்கி வாயைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டுக்கொண்டே, "குழந்தை தலையைத் திருப்பினால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள், ஒருபோதும் வற்புறுத்தி ஊட்டக் கூடாது" என்று ஒப்பிப்பாள். நான் "சரி" என்று டிக் போடுவேன். வார்த்தை ஒன்றுகூட விடவில்லையே.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். இதைக் கவனமாய்க் கேளுங்க, ஏனென்றால் பழி என் மேல்தான் விழுந்திருக்கிறது.

சாயங்காலம் அத்தான் கூடத்தில் புதுப் பேனர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். 'சிறு பொருள்களைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்' என்ற பேனர். கடையில் மூலை வளையம் அடிக்க மறந்துவிட்டார் என்று வளையம் அடிக்கிற கருவியையும் வளைய டப்பாவையும் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அக்காவிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். ஜக்கு என் காலடியில் உட்கார்ந்திருந்தான். டப்பா கவிழ்ந்தது, சலசல என்று சத்தம் கேட்டது. அக்கா திரும்பினாள். "அங்க என்ன பார்வ? இங்க பாரு. 'தரையில் குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து' அந்த வரிய விட்டுட்ட. மொதல்ல இருந்து சொல்லு" என்றேன். மறுபடி சலசல. "ஏலே ஜக்கு, சத்தம் போடாத, அம்மா படிக்கா" என்றேன். குனியாமலே சொன்னேன், ஏனென்றால் குனிந்தால் புத்தகத்தில் வரி தவறிவிடும்.

அக்கா முழுசும் சொல்லி முடித்தாள். முதல் தடவையாய் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அத்தான் ஏணியில் நின்றபடியே கைதட்டினார். அப்போதுதான் கீழே 'க்ளக்' என்று ஒரு சத்தம்.

பிள்ளை முகம் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. கண்ணில் தண்ணீர். நாங்கள் மூன்று பேரும் என்ன செய்தோம்? அத்தான் ஏணியிலிருந்து குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்டார். நான் புத்தகத்தில் 'தொண்டையில் அடைத்தால்' என்ற பக்கத்தைத் தேடினேன். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "பதற்றப்படாமல், பதற்றப்படாமல்" என்று அந்த ஒரு வார்த்தையையே கத்திக்கொண்டிருந்தாள். அடுத்த வார்த்தை வரவே இல்லை. அதற்குள் அவனே முழுங்கிவிட்டான். முழுங்கிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் சிரித்த பிறகுதான் புத்தகம் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. இல்லை அக்கா, பயம் எல்லாம் இல்லை. ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால்.

எதிர்த்த வீட்டு ராஜாமணி அண்ணன் பெண்டாட்டி வினோதா மதினி ஓடிவந்து, "தலகீழாப் பிடிச்சு உலுக்குங்க" என்றாள். பக்கத்து வீட்டு அம்மா, "நாலு வாழப்பழத்தத் திணிங்க, தள்ளிக்கிட்டுப் போயிரும்" என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் வளையம் வட்டமாய், அழகாய், வயிற்றுக்குள் இருந்தது.

"வயித்துக்கு எறங்கிருச்சு. வழவழன்னு இருக்கு, தானா வந்துரும். இதே பொத்தான் பேட்டரியோ காந்தமோன்னா இந்நேரம் மதுரைக்கு ஓடிக்கிட்டு இருப்பீங்க" என்றார் டாக்டர். "வழக்கமான சாப்பாடு குடுங்க. வெளிய போறப்ப ஒவ்வொரு தடவையும் பாக்கணும். வாந்தி, வயித்து வலி, சாப்பிடாமப் படுத்துக்கிட்டாலோ உடனே தூக்கிட்டு வரணும்."

அத்தான் மெதுவாய்க் கேட்டார். "சார், ஞாயித்துக்கெழம வரைக்கும் உள்ளயே இருந்தா எடை கொஞ்சம் கூடக் காட்டுமா?"

டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். "அடுத்த ஆளக் கூப்பிடுமா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டார்.

'ஒவ்வொரு தடவையும் பார்க்கணும்' என்று டாக்டர் சொன்னாரே, அதை யார் பார்ப்பது? அத்தானுக்கு மூக்கைப் பொத்தினாலும் குமட்டுகிறது. அக்காவுக்குப் படிக்க இருக்கிறது. ஆக, நான். பழைய வேட்டியைக் கிழித்துத் துணி கட்டி, ஒரு குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்தாவதுப் பரீட்சைத் தாளைக்கூட நான் அவ்வளவு உன்னிப்பாய்ப் பார்த்ததில்லை. வளையம் வரவில்லை. கேரட் வந்தது, முழுங்கிய வேகத்திலேயே வந்தது. மூன்று ராத்திரியும் அவன் முனகினால் எழுந்து வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு எப்படியும் போக மாட்டார்கள் என்று நினைத்தேன். போனார்கள். "வெளிய மூச்சு விடக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் அத்தான். நான் சத்தியம் செய்யவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

கல்யாண மண்டபம் நிறையக் கூட்டம். எடையில் ஜக்குதான் முதல். ராஜாமணி அண்ணனின் இளைய பிள்ளை கவினேஷ் இரண்டாவது. அப்புறம் கேள்வி. நடுவராக ஒரு குழந்தை டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் அக்காவிடம், "வீட்ல சின்னச் சின்ன சாமான பிள்ள வாயில போடாம எப்படிம்மா பாத்துக்கிறீங்க?" என்று கேட்டாரே பார்க்கணும். அக்கா அணை உடைந்த மாதிரி ஒப்பித்தாள். குனிந்து கண் மட்டத்தில் பார்ப்பது வரைக்கும், ஒரு வார்த்தை விடவில்லை. மண்டபமே கைதட்டியது. எனக்கே கண் கலங்கிவிட்டது. நான் சொல்லிக் கொடுத்த பதில் இல்லையா?

மைக் வைத்திருந்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஜக்குவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என்னிடம் வந்து, "இதாரு, சித்தியா? ஏம்மா, ஒங்க அக்கா மேடையில இப்பிடி வெளுத்து வாங்குறாங்களே, வீட்லயும் இதெல்லாம் நடக்குதா?" என்று சிரித்துக்கொண்டே மைக்கை நீட்டினார்.

கேட்டால் சொல்ல வேண்டாமா? "நடக்குது. அவ இந்தப் பதிலப் படிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் இவன் ஒரு வளையத்த முழுங்கினான். இன்னும் வெளிய வரல" என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தான் ஒரு தூணுக்குப் பின்னால் போனார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பொம்பளை எழுந்தாள். "பயப்படாத பாப்பா! எம் மவன் தோட்டுத் திருகாணிய முழுங்கிட்டான். மூணாம் நாள் வந்துருச்சு!"

இன்னொருத்தி எழுந்தாள். "எம் பிள்ள ரெண்டு ரூவா!"

"எங்க வீட்ல சட்டப் பொத்தான்!"

"எங்களுது வாயில இல்ல, மூக்குல. புளியங்கொட்ட!"

"ரெண்டு ரூவாயெல்லாம் ஒரு பேச்சா? எங்க பாப்பா சாவி முழுங்கிச்சு! பீரோ சாவி! அது வாரவரைக்கும் எல்லாரும் ஒரே சேலைதான்!"

அவ்வளவுதான். போட்டியில் இல்லாத வேகம் அதில் வந்துவிட்டது. எது பெரிசு, எது அதிக நாள் உள்ளே இருந்தது என்று ஒருத்திக்கு மேல் ஒருத்தி கத்துகிறாள். டாக்டரம்மா மைக்கைப் பிடுங்கி, "முழுங்கினதப் பெருமையாச் சொல்றீங்களே! எல்லாருக்கும் பதில் தெரியுது, பிள்ள கையில என்ன இருக்குன்னு எத்தன பேருக்குத் தெரியுது? இப்பப் பாருங்க, இந்த நிமிஷம் பாருங்க!" என்றார். எல்லாரும் அவசரமாய்ப் பிள்ளை கையைப் பிரித்துப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பிள்ளை வாயிலிருந்து நடுவருடைய பேனா மூடி வந்தது.

சங்கத் தலைவர் எழுந்தார். அவருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும். "பிள்ளை எதையும் முழுங்காத, மூக்குல ஏத்தாத தாய்மார்கள் மட்டும் கையத் தூக்குங்க" என்றார். ஒரே ஒரு கை உயர்ந்தது. வினோதா மதினி.

போன பொங்கலுக்குக் கவினேஷ் பட்டாணியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அலறியபோது ஆஸ்பத்திரிக்கு பைக்கில் கொண்டுபோனது யார்? எங்கள் அத்தான்தான். நான் தூணைப் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. பங்காளி வீட்டு விஷயமாம். மானம் இருக்கிறதாம். எனக்கும் சொல்ல வாய் துறுதுறு என்றது. மைக்கைத்தான் என் பக்கம் யாரும் நீட்டவில்லை.

கவினேஷ் ஜெயித்தான். டாக்டரம்மா பரிசு கொடுக்காமலே கிளம்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் குதித்த குதி இருக்கிறதே. "ஒரு வாய மூட முடியலயா ஒன்னால? நாளைக்கு அந்தப் பய மவன் பேனர எங்கையால அடிக்கணும்! ஒன்னயப் பிள்ளையப் பாத்துக்கிடத்தான கூப்பிட்டோம்?" அக்காவும் சேர்ந்துகொண்டாள். "நீதான ஏட்டி பிள்ளைக்குப் பக்கத்துல இருந்த?" கேட்டீங்களா அநியாயத்தை? நான் பக்கத்தில் இருந்தேன்தான். ஆனால் கேள்வி கேட்கிற வேலையில் இருந்தேன். ஒருத்தி இரண்டு வேலையை எப்படிப் பார்ப்பது?

"காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்பு. இனி இந்த வாசப்படி மிதிக்காத" என்றார். காலையிலேயே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் கூட்டம் என்று மத்தியானம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். எனக்கென்ன? நிம்மதி. குச்சியை அக்கா கையில் கொடுத்து, எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே வாங்கினாள். அவள் சரியாய்ப் பார்க்க மாட்டாள். மேலோட்டமாய்ப் பார்த்துவிட்டு வரவில்லை என்று சொல்லிவிடுவாள், பாருங்க. அந்தப் பிள்ளைக்கும் அவள் தூக்கினால்...

இருங்க, இருங்க. அக்காதான்.

"சொல்லு. வந்துச்சா? ... நல்லாப் பாத்தியா? ... கையால தொட்டுப் பாத்தியா, இல்ல தூரத்துல இருந்தா? ... சரி. சரி. அழாத. நான் எங்க அழுதேன்? பஸ்ல காத்து அடிக்குது. ... என்ன? யாரு? அத்தானா? ... என்னட்டீ சொல்ற!"

வந்துவிட்டது அக்கா. முழுசாய், வளையாமல் நெளியாமல். உங்க தண்ணிப் பாட்டிலைக் கொடுங்க ஒரு நிமிஷம்.

அதைக் கேளுங்க. கவினேஷின் பேனரை வாங்க ராஜாமணி அண்ணன் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாராம். பிள்ளைக்கு ஒரு கிரீடம் வை, கன்னத்தை இன்னும் கொஞ்சம் சிவப்பாக்கு என்று ஒரே அதிகாரமாம். அத்தான் கிரீடமும் வைத்தாராம், கன்னத்தையும் சிவப்பாக்கினாராம். எல்லாம் செய்து கொடுத்துவிட்டு, மூலை வளையம் அடிக்கும்போது கடைசி மூலைக்கு மட்டும் வீட்டுக்குப் போய் ஒரு வளையம் எடுத்து வந்தாராம். நன்றாய்க் கழுவித்தான் அடித்தாராம், அக்கா சொல்கிறாள். ராஜாமணி அண்ணன் அந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது மட்டும் நல்லாப் பளபளன்னு இருக்கேல, மத்ததும் இதே மாதிரிப் போடக் கூடாதா?" என்று கேட்டாராம்.

அத்தான், "ஒண்ணுதான் அண்ணே ஸ்டாக் இருந்துச்சு" என்றிருக்கிறார்.

சிரிக்காதீங்க அக்கா, பிள்ளை முழித்துக்கொள்ளும். எட்டயபுரம் வந்துவிட்டதா? கண்டக்டர் அண்ணே, இங்கே நிறுத்துங்க, இறங்கணும்! டிக்கெட் விளாத்திகுளத்துக்குத்தான் எடுத்தேன், அதனால் என்ன? எதிர்த்தாப்பில் கோவில்பட்டி பஸ் நிற்கிறது. வாசப்படி மிதிக்கக் கூடாது என்று அவர்தான் சொன்னார், நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

ஜக்குவைப் பார்க்கவா? ச்சே, அவனை எதுக்கு? அந்தப் பேனரைத்தான் பார்க்கணும். பார்த்துவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போய் அவன் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அந்த டப்பாவில் இன்னும் நிறைய வளையம் இருக்கிறது.